ஆயில் மாற்றிய குற்றவாளியின் விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வாரன்டி பிரிவு,
(கம்பெனியின் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுவதால் இடம் காலியாக விடப்பட்டுள்ளது.)

பொருள்: டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் உரிமையாளரே ஆயில் மாற்றியது குறித்து விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பார்வை: "வெளியில கை வச்சா வாரன்டி போயிடும் சார்" என்று தங்கள் சர்வீஸ் அட்வைசர் பிறப்பித்த வாய்மொழி ஆணை.

ஐயா,

பார்வையில் கண்ட ஆணையை எழுத்தில் கேட்டேன். "எழுத்துல எல்லாம் தர மாட்டாங்க சார், ஆனா அப்படித்தான்" என்றார் அந்தத் தம்பி. எழுத்தில் இல்லாத சட்டத்தை மீறிய முதல் ஆள் நானாக இருக்கக்கூடும் என்பதால், விளக்கத்தை நானே முன்வந்து எழுத்தில் தருகிறேன்.

முதலில் நன்றி. டெலிவரி எடுத்த அன்று கேக் வெட்டி, மாலை போட்டு, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். இருநூறு குதிரைத்திறன் கொண்ட வண்டி. நின்ற இடத்திலிருந்து ஏழு நொடிக்குள் நூறைத் தொடும். இதை இவன் ஈ.சி.ஆரில் எப்படி ஓட்டுவான், பிரேக் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. அதே மனிதன் கையில் ஒரு ஸ்பேனரைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஏன் ஆட்டம் காண்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சந்தேகம் ஆரம்பித்தது பானெட்டைத் திறந்தபோது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையே காணோம். கேட்டால், எல்லாம் திரையில் வரும் என்றார்கள். வரத்தான் செய்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் சூடாகி, திரைக்கும் மனசு வந்தால் "ஆயில் அளவு சரி" என்று ஒரு வரி. ஆயிலின் நிறம் என்ன, பிசுக்கு எப்படி, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குத் தெரியாது. ஐம்பது ரூபாய் பெறாத கம்பி அத்தனையையும் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் எடுத்தீர்கள் போலும்.

டர்போவைப் பற்றித் தங்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனாலும் தங்கள் கொல்லர்கள் சிலர் ஊசியைப் பார்த்ததில்லை என்று தோன்றுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். பெட்ரோல் என்ஜினில் அந்தப் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது பால் பேரிங்கூட இல்லை, மெல்லிய ஆயில் படலம்தான். கொதிக்கக் கொதிக்க ஓட்டி வந்து சட்டென்று அணைத்தால், உள்ளே தங்கும் ஆயில் தீய்ந்து கரியாக ஒட்டும். அதற்காகத்தான் இப்போதெல்லாம் வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு சின்ன பம்ப் கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது. அந்த இடத்தில் பழைய ஆயில் ஓடினால் பில் லட்சத்தைத் தாண்டும். அப்போது வாரன்டி முடிந்திருக்கும் என்பதையும் தாங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

தங்கள் சர்வீஸ் புத்தகம் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கிறது. அதே புத்தகத்தில் வேறொரு மூலையில், பொடி எழுத்தில், தூசி, கடும் வெயில், நெரிசல், குறுந்தூர ஓட்டம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்றும் இருக்கிறது. சென்னையில் இந்த நான்கும் இல்லாத சாலையைத் தங்கள் பொறியாளர்கள் கண்டுபிடித்திருந்தால் தயவுசெய்து லொகேஷன் அனுப்பவும். ஓ.எம்.ஆரில் மாலை நேரத்தில் வண்டி ஓடாது. என்ஜின் மட்டும் ஓடும். கிலோமீட்டர் கணக்கில் அது வருவதே இல்லை. போதாக்குறைக்கு, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இந்த என்ஜின்களில் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கவும் வைக்கும். ஆகவே பாதி தூரத்திலேயே மாற்றிவிட முடிவு செய்தேன்.

அதைத் தங்களிடமே செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தேன், போன முறை. பில்லில் "என்ஜின் ஆயில்" என்று மட்டும் இருந்தது. என்ன கிரேடு, என்ன தரம்? "கம்பெனி ஆயில் சார், நல்லாத்தான் இருக்கும்." குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால் டர்போ என்ஜினுக்குள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. அதையும் தடுக்கும்படி 2020-ல் ஏ.பி.ஐ. 'எஸ்.பி.' என்ற ஆயில் தரம் வந்தது. டின்னின் முதுகில் அந்த இரண்டு எழுத்தைத் தேடும் என் போன்றவனுக்குத் தாங்கள் காட்டியது ஒரு பேரலும் ஒரு குழாயும். அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாதாம், பாதுகாப்புக் காரணம். காபி மட்டும் நன்றாக இருந்தது.

ஆகவே இம்முறை வீட்டிலேயே மாற்றத் துணிந்தேன். என்னுடையது புகாட்டி வேரானும் இல்லை. நான்கு டர்போ, பதினாறு சிலிண்டர் கொண்ட அந்தக் காரில் ஆயில் வடிக்க மட்டும் 16 போல்ட் என்பார்கள். என் வண்டியில் ஒன்றே ஒன்று. வண்டியை ராம்பில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அடியில் படுத்தேன். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனுக்குத் தங்கள் வாரன்டி அல்ல, எல்.ஐ.சி.தான் துணை.

அடித்தகட்டைக் கழற்றும்போதுதான் தங்கள் நிபுணர்களின் கைவண்ணம் தெரிந்தது. இருக்க வேண்டிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களில் சில இல்லை. ஒரு மூலையில் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது வெள்ளை கேபிள் டை. டிரெயின் போல்ட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. ஏர் கன்னை வைத்து வெறியோடு இறுக்கிய அடையாளம். போல்ட்டை எடுத்துப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். செம்பு வாஷர் ஒன்றுக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டிய சாமான் அது. பில்லில் "வாஷர் – 1" என்று போட்டிருந்தீர்கள். பொய் சொல்லவில்லை. பழையதைக் கழற்றுவோம் என்று பில்லில் எங்கேயும் இல்லைதான்.

ஆயில் முதலில் விரல் தடிமனுக்குக் கறுப்பாக விழுந்து, பிறகு நூலாகி, சொட்டாயிற்று. பெட்ரோல் வாடை லேசாக இருந்தது. திரை அன்று காலையிலும் "சரி" என்றே சொல்லியிருந்தது. புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் 30 நியூட்டன் மீட்டர் வைத்து, 'டிக்' என்றதும் நிறுத்தினேன். ஃபில்டர் மூடியில் 25 என்று அச்சிலேயே வார்த்திருக்கிறது. ஆக, அதை வடிவமைத்த தங்கள் ஆள், டார்க் ரெஞ்சோடு ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவர் எதிர்பார்த்தவன் தங்கள் பணிமனையில் இல்லை, என் வீட்டு போர்டிகோவில் இருந்தான் என்பது தற்செயல்.

இனி சட்டம். அமெரிக்காவில் 1975-லேயே, எங்கள் பார்ட்ஸைத்தான் போட வேண்டும், எங்களிடம்தான் சர்வீஸ் விட வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை வைக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அது தூர தேசம், விடுங்கள். 25 ஆகஸ்ட் 2014 அன்று நம் நாட்டுப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தால் வாரன்டியே ரத்து என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக்கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடுகளில் அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வேறு கதை. ஆனால் சர்வீஸ் அட்வைசர் தம்பிக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால் போதும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவில்லை. தெருமுனை மெக்கானிக், "குடுங்க சார், சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிக்குவாங்க" என்றார். அதுவும் தப்பு, பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். எனவே டின்னில் அடைத்துத் தங்கள் பணிமனைக்கே கொண்டுவந்தேன். வாசலில் பச்சை இலை போட்ட பலகை, பின்பக்கம் பழைய ஆயில் பேரல், பில்லில் கழிவு அகற்றும் கட்டணம் என்று எல்லாம் இருக்கும் இடம். "வெளி ஆயில் வாங்க மாட்டோம் சார்" என்றார்கள். ஐயா, அது வெளி ஆயில் இல்லை. போன முறை தாங்கள் ஊற்றியது.

ஆகவே, அந்த டின்னைப் பெற்றுக்கொள்ளவும், என் வாரன்டி உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரே வரியில் எழுத்தில் தெரிவிக்கவும், முடிந்தால் டிப்ஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் பேக்கேஜாகவாவது அறிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அடியில் படுத்த வாடிக்கையாளர்.

இணைப்பு: ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய பில் நகல், டின்னின் பேட்ச் எண் தெரியும் படம், ஓடோமீட்டர் படம், ஒட்டிய நிலையில் வாஷர் இரண்டு, கேபிள் டை ஒன்று. கடைசிப் பொருளின் பார்ட் நம்பரைத் தெரிவித்தால் நல்லது. திரும்பக் கட்டும்போது வெளிக்கடை கேபிள் டையைப் போட்டு, அதற்கும் வாரன்டி போய்விடக்கூடாது பாருங்கள்.