கிட் இன்ஸ்பெக்‌ஷன்

பட்டாளத்துக்காரன் என்றால் ஒழுங்கு இருக்கும் என்று நம்பித்தான் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்தார்கள். சிக்னல்ஸ் படையில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். பென்ஷனுக்கு வேண்டிய 15 வருஷத்தை முடித்து 70களில் வெளியே வந்தவன். ஐந்து துளை நாடாவைப் பார்த்தே படித்துவிடுவேன் என்று இன்டர்வியூவில் பீற்றிக்கொண்டேன். அவர்களிடம் இருந்ததோ ஐபிஎம் 1401. எல்லாம் 80 பத்தி அட்டை. என் வித்தை முதல் நாளே செல்லாக்காசு.

அட்டைக் கட்டோடு பரேடு நடை போட்டதில் ஒரு புரோகிராம் முழுக்கத் தரையில் சிதறியது. கட்டின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைத்தால், சிதறினாலும் அடுக்கிவிடலாம். சொல்லியும் கொடுத்திருந்தார்கள். புது அட்டையில் கிறுக்குவது அசிங்கம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் டேப் அறையில் நடந்தது. 2,400 அடி நாடா சுற்றிய ரீலின் பின்பக்கம் ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தால்தான் மெஷின் அந்த டேப்பில் எழுதும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும் செய்யும். பழைய கணக்கு அழியாதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. விளக்கியபோது "யெஸ் சார்" என்றேன். 1401-க்கு நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துதான். அதற்கே என்னைவிட ஞாபகசக்தி.

சம்பளக் கணக்கு ஓட்டுவதற்கு முந்தின இரவு அலமாரியைப் பார்த்தேன். பாதி ரீல்களில் வளையம் இல்லை. வளையங்கள் எல்லாம் ஒரு டப்பாவில் கிடந்தன. கிட் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பட்டன் குறைந்ததற்கே தண்டனை டிரில் வாங்கிய உடம்பு இது. விடிவதற்குள் அத்தனைக்கும் மாட்டிவிட்டேன்.

மறுநாள் போன மாதத்து மாஸ்டர் டேப்பைப் படிக்கும் டிரைவில் ஏற்றாமல் எழுதும் டிரைவில் ஏற்றினேன். பட்டாளத்தில் தப்பான ஆர்டர் போட்டால் சுபேதாராவது முணுமுணுப்பார். இந்த மெஷின் முணுமுணுக்க இருந்த ஒரே வழி, வளையம் இல்லாத பள்ளம். அதைத்தான் நான் அடைத்துவிட்டேனே! சமர்த்தாக மேலேயே எழுதி முடித்தது.

காப்பாற்றியவர் தாத்தா. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை டேப் வைத்திருப்பது அக்காலத்துக் கம்ப்யூட்டர் மையங்களின் வழக்கம். நான் கொன்றது அப்பாவை. தாத்தாவையும் போன மாதத்து அட்டைகளையும் வைத்து அப்பாவை மறுபடி பெற்றெடுக்க ஓர் இரவு ஆயிற்று. "ஹவில்தார் சார், இனிமே எதையும் ஒழுங்குபடுத்தாதீங்க" என்று கும்பிட்டார் அங்கிருந்த இளம் புரோகிராமர்.

1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. காரணம் நானல்ல; அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்ன ஃபெரா சட்டம். மெஷின்களின் பராமரிப்பு சிஎம்சி நிறுவனத்தின் கைக்குப் போனது. நான் அங்கேயே இருந்தேன். டேப் அறைச் சாவி மட்டும் கடைசிவரை என்னிடம் வரவில்லை. அவர்கள் செய்ததுதான் சரி.