ஓட்டைவாய்ப் பிள்ளைகள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை ஊருக்குச் சொல்வது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்ற விவஸ்தையே இல்லையாம். இப்படி அலுத்துக்கொள்கிறவர் யார் என்று பார்த்தால், தன் மகள் பெரிய மனுஷியான சேதியை நாலுமுக்கு ரோட்டில் இருபதடி ஃப்ளெக்ஸ் கட்டி ஊருக்குச் சொன்னவர்.

அந்த ஃப்ளெக்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் சிம்மாசனம், அதில் கிரீடம் வைத்த பிள்ளை. பின்னால் ஓர் அருவி, இரண்டு மயில். கீழே அவள் பெயர், அப்பா பெயர், தெருவின் பெயர். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிடும் தாய்மாமன்கள், அவர்கள் இருக்கும் கட்சியின் தலைவர்கள், இருக்கும் சாதியின் தலைவர்கள், வாழ்த்த விரும்புகிறவர்களுக்கு வசதியாக ஒரு செல்போன் நம்பர். பஸ்ஸுக்கு நிற்கிறவரும் டீ குடிக்கிறவரும் அந்தப் பிள்ளையின் உடம்பில் என்ன நடந்தது என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர வேண்டும். திங்கட்கிழமை அவள் அதே ரோட்டில், அதே ஃப்ளெக்ஸின் அடியில், வகுப்புப் பையன்களோடு பள்ளிக்கு நடப்பாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டு வரிசையை ட்ரோன் படம் பிடித்தது. அது யூடியூபிலும் ஏறியாயிற்று.

மூன்று மாதம் கழித்து அதே பிள்ளை மொட்டை மாடியில் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பதினைந்து விநாடி ஆடி ரீல்ஸ் போட்டாள். வீடு இடிந்து விழுந்துவிட்டது. “குடும்ப மானம் என்னத்துக்கு ஆவுறது?” என்று கேட்டவர் அந்தக் கறுப்புக் கண்ணாடி மாமன்களில் ஒருவர்.

பிள்ளைகளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் அடிக்கும் கூத்துக்கு அளவில்லை. தூங்கி எழுந்த முகம் ஒரு ஸ்டோரி, அம்மா திட்டியது ஒரு ஸ்டோரி, அழுத கண் ஒரு ஸ்டோரி. பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்க செல்ஃபி. டியூஷன் எங்கே, எத்தனை மணிக்கு முடியும், எந்த பஸ்ஸில் வீடு திரும்புவாள் என்ற முழு அட்டவணை. “அப்பா அம்மா கல்யாணத்துக்குப் போயாச்சு, நான் மட்டும் ஹோம் அலோன்” என்று வீட்டு வாசல் தெரிய ஒரு படம். திருடன் இனிமேல் நோட்டம் பார்க்க ஆள் வைக்க வேண்டாம். பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்த உடனே அதையும் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் தேர்வு முடிவு பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். அந்த இரண்டும் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. ஆக, மதிப்பெண் அவளுக்குத் தெரியும் முன்பே அவளைப் பிடிக்காத பெஞ்சுத் தோழிக்குத் தெரிந்துவிடும். ஸ்னாப்சாட் 2017இல் கொண்டுவந்த வரைபடத்தில், இடத்தைப் பகிரச் சம்மதித்த பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறது என்பது பொம்மையாகவே தெரியும். காதல் சொல்லப்படுகிறது, முறிகிறது, மறுபடி ஒட்டுகிறது. மூன்றுக்கும் ஊர் சாட்சி. இத்தனையையும் உண்மையாகச் சொல்லும் பிள்ளை ஒன்றே ஒன்றில் பொய் சொல்கிறது: பிறந்த வருஷம். பதின்மூன்று வயதாகாவிட்டால் கணக்குத் திறக்க முடியாதே.

சரி, இந்த வியாதி எங்கிருந்து வந்தது?

வயிற்றில் இருக்கும்போதே இவளுடைய ஸ்கேன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டது யார்? மொட்டைத் தலையையும், காதுகுத்தில் வீறிட்ட முகத்தையும், ஜட்டி போடாமல் ஓடிய ஓட்டத்தையும் குடும்ப குரூப்பில் போட்டு, “சோ க்யூட்” என்று சித்தப்பா சொல்வதற்குக் காத்திருந்தது யார்? இவளுடைய ஆதார் நகல் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே, ஊரார் நானூறு பேருடைய ஆதாரோடு கிடக்கிறது. அதைக் கேட்டவருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருப்பது அப்பா. ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த பிரதி பஜ்ஜி மடிக்கப் போகிறது. யாருடைய சாதிச் சான்றிதழில் எண்ணெய் வடிகிறது என்று நான் படித்துப் பார்த்ததுண்டு.

பள்ளிக்கூடம் மட்டும் என்ன யோக்கியம்? மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித்துறை 2017இல் நிறுத்தியது. பிள்ளைகளுக்கு அழுத்தம் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அரசு இறங்கிய மேடையில் பள்ளிகளும் கோச்சிங் சென்டர்களும் ஏறிக்கொண்டன. முகம், பெயர், மதிப்பெண், சில சமயம் பதிவெண், எல்லாம் பேருந்தின் பின்பக்கத்தில் புகை பட்டு ஓடுகின்றன. குறைந்த மதிப்பெண் வாங்கியவன் மட்டும்தான் அந்தரங்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறான்.

அதே பள்ளியில் ‘இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம்’ நடக்கும். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். நடக்காத பள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். சிறப்பு விருந்தினர் ஒருவர் வருவார். வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், “மாணவிகளே, உங்கள் புகைப்படத்தை எக்காரணம் கொண்டும் இணையத்தில் பதிவிடாதீர்கள்” என்பார். மாணவர்களுக்கு அறிவுரை எதுவும் கிடையாது. அவர்கள் கைதட்ட மட்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு. அன்று மாலையே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் முப்பது படங்கள்: உறுதிமொழி எடுக்கும் மாணவிகள், நெருக்கமாக, சீருடையோடு, வகுப்பும் பிரிவும் போட்டு. சிறப்பு விருந்தினரும் அதைப் பகிர்வார்.

இந்தக் கூட்டங்களில் பெயரே அடிபடாத ஒரு தரப்பு உண்டு. அது கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருக்கிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபேஸ்புக்கின் உள் ஆவணம் ஒன்று வெளியே கசிந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை எப்போது தன்னை மதிப்பில்லாதவளாக நினைக்கிறாள், எப்போது பயப்படுகிறாள், எப்போது ஒரு தெம்பு தேடுகிறாள் என்பதெல்லாம் தங்களால் கண்டறிய முடியும் என்று விளம்பரக்காரர்களுக்குச் சொல்லும் தோரணையில் அது இருந்தது. உணர்ச்சியை வைத்து விளம்பரம் குறிபார்க்கும் வசதியை நாங்கள் தரவில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. கறிக்கடைக்காரர் ஆட்டைத் தடவிப் பார்த்தது பாசத்தால்தான் என்று நாமும் நம்பிக்கொள்ளலாம்.

இன்ஸ்டாகிராமில் இன்னொரு வித்தை நடந்தது. தன் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள எந்தப் பிள்ளைக்கு ஆசை இருக்காது? கணக்கை ‘பிசினஸ்’ என்று மாற்றினால் அந்தக் கணக்கெல்லாம் தெரியும். மாற்றினார்கள். வியாபாரி என்றால் வாடிக்கையாளர் கூப்பிட வேண்டாமா? பிள்ளையின் மின்னஞ்சலும் போன் நம்பரும் உலகத்தின் பார்வைக்கு வந்தன. பதின்மூன்று வயது வியாபாரி! அதோடு, அந்த வயதுக் கணக்குகள் திறக்கும்போதே எல்லாருக்கும் தெரியும்படிதான் அமைக்கப்பட்டிருந்தன. பூட்ட வேண்டுமானால் பிள்ளைதான் தேடிப்போய்ப் பூட்ட வேண்டும். இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் 40.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அடுத்த வருஷம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ, ஏறக்குறைய இதே ரகக் குற்றம். கதவில்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் சம்பாதித்தான். அதில் குடியேறிய பிள்ளைக்கு அடக்கம் இல்லை என்று இங்கே நாம் பட்டிமன்றம் நடத்தினோம்.

நம் நாடு சும்மா இருந்ததா? இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். அதற்கான சட்டம் ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் வந்தது. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர நிறுவனங்களுக்கு மேலும் 18 மாதம் அவகாசம். சட்டம் நிறைவேறிய அன்று பதினான்கு வயதில் இருந்த பிள்ளை, அது முழுதாக நடைமுறைக்கு வரும்போது பதினெட்டைத் தொட்டிருக்கும். அப்புறம் அவளைக் குழந்தையாகப் பாதுகாக்கும் தொந்தரவே கிடையாது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாலுமுக்கு ரோட்டு ஃப்ளெக்ஸ்காரரின் சம்மதம்! அதுவும் எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய போனுக்கு ஓடிபி வரும். “பாப்பா, இது என்னமோ வந்திருக்கு பாரு” என்று போனை அவளிடமே நீட்டுவார். பாப்பா பார்த்துக்கொள்வாள்.

விவரத்தை வெளியே கொட்டும் பழக்கம் பருவக் கோளாறு என்றால் அரசாங்கத்துக்கு இன்னும் மீசையே முளைக்கவில்லை. 2018 ஜூலையில் ஒரு பெரிய மனிதர் தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். ஏதோ விடுதி மாணவன் பந்தயம் கட்டிச் செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா, ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநரும் அவரே. சில மணி நேரத்தில் அவருடைய போன் நம்பர், முகவரி, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாக இணையத்தில் உலா வந்தன. அவை எங்கள் கிடங்கிலிருந்து போகவில்லை என்றது ஆதார் ஆணையம். கூடவே, பொதுமக்கள் யாரும் இப்படி எண்ணை வெளியிட வேண்டாம் என்று அறிவுரையும் வெளியிட்டது. அறிவுரை அவருக்கு அல்ல, நமக்கு. பிறகு நாடு முழுவதற்கும் தடுப்பூசி பதிவு செய்த கோவின் தளத்தின் பொறுப்பும் அவரிடம்தான் வந்தது. 2023 ஜூனில், செல்போன் எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சொல்லும் டெலிகிராம் பாட் ஒன்று வந்தது. செய்தி ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். மகள் சொன்னால் கன்னத்தில் அறை விழும் பதில்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2019, பொள்ளாச்சி. இளம்பெண்களைப் படம்பிடித்து மிரட்டிய கும்பலைப் பற்றிப் புகார் கொடுக்க ஒரு பெண் துணிந்து வந்தாள். அவள் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் அச்சாகியிருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை என்று அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவில் எழுதி வைத்திருந்தது. அதைப் படித்துத் தேறியவர்கள்தான் இந்த இரண்டையும் செய்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

2024 டிசம்பர், சென்னை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு வன்கொடுமை நடந்தது. அவள் மறைக்கவில்லை, புகார் கொடுத்தாள். அவளுடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் காவல்துறை இணையதளத்தில் பூட்டப்படாமல் கிடந்தது; ஊர் எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள், பழைய சட்டத்திலிருந்து புதுச் சட்டத்துக்கு மாறியபோது வந்த கோளாறு. எஃப்.ஐ.ஆர் எழுதப்பட்டிருந்த விதம் அந்தப் பெண்ணையே குற்றம் சொல்வது போல இருந்ததை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அதுவும் தொழில்நுட்பக் கோளாறுதானா? இந்த முறையும் நீதிமன்றம் 25 லட்சம் தரச் சொன்னது. ஐந்து வருஷத்தில் பால் விலை ஏறியது, பரோட்டா விலை ஏறியது. ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் விட்டதற்கு அரசு கட்டும் ரேட் மட்டும் அப்படியே நின்றது. அதுவும் நம் வரிப்பணம்.

எந்தப் பதினாறு வயசுக்காரி தன்னைப் பற்றி இத்தனை கொடூரமாகப் பதிவு போட்டிருக்கிறாள்?

சாப்பிட்ட இட்லியிலிருந்து முறிந்த காதல் வரை ஊருக்குச் சொல்லும் பிள்ளை, ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாது. யாரோ ஒருவன் அவளுடைய படத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு படம் அனுப்பாவிட்டால் இதை உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று மிரட்டும்போது, ஓட்டைவாய் அடைத்துக்கொள்கிறது. அம்மாவிடம் சொன்னால் முதல் கேள்வி, “நீ ஏன்டி போட்டோ அனுப்புன?” அப்பாவிடம் சொன்னால் போன் உடையும், பள்ளிக்கூடம் நிற்கும், அத்தை மகனுக்கு ஜாதகம் போகும். டீச்சரிடம் சொன்னால் மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும். 1098க்கு போன் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னார்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த முப்பது படங்களையும் அவள் பார்த்தாள். போலீஸுக்குப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் டிவியில் பார்த்திருக்கிறாள்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கறுப்புப் படம் போட்டு, நடுவில் சின்ன எழுத்தில் ‘மூட் ஆஃப்’ என்று எழுதுகிறாள். காலையில் சித்தப்பா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுக் கேட்கிறார்: “இதையெல்லாமா வெளியே சொல்லுவாங்க?”