பக்கத்து வண்டிக்காரருக்கு

சார்,

நம் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஏழு வருடமாக உங்கள் வண்டியும் என் வண்டியும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஓரத்தில் இருக்கும் தூணில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டவர் நீங்கள். சங்கக் கணக்கில் அதற்குக் காசுகூட வாங்கவில்லை. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்று பல நாளாக நினைத்திருந்தேன். இதில் மிகையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றும் நடந்தது, ஒவ்வொன்றும் உங்களுக்கே தெரியும்.

முதலில் உங்கள் கவனம். காலை ஆறு மணிக்கு நீங்கள் வண்டி துடைப்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஈரத்துணியை எடுத்ததும் தேய்க்க மாட்டீர்கள். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, பிறகுதான் துணி. "மண்ணோட தேய்ச்சா கிளியர் கோட்ல கோடு விழும் சார்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். காரின் மேலிருக்கும் பெயின்ட் அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். ப்ரைமர், நிறம், அதன்மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட், எல்லாம் அந்தக் கனத்துக்குள். அது எத்தனை மெல்லியது என்று எனக்குப் புரிய வைத்தவர் நீங்கள்தான். அன்றிலிருந்து நானும் தண்ணீர் ஊற்றாமல் துடைப்பதில்லை.

போன வருடம் உணவு கொண்டுவந்த பையனின் ஸ்கூட்டர் சைடு ஸ்டாண்டு சரிந்து, அதன் பிரேக் லீவர் உங்கள் பின்கதவில் ஒரு கோடு இழுத்ததே, அன்று உங்களிடம் நான் கற்றதை எந்த ஓட்டுநர் பள்ளியிலும் கற்றிருக்க மாட்டேன். நீங்கள் சத்தமே போடவில்லை. ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தப் போன பையனைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு முதலில் போனை எடுத்தீர்கள். சற்றுத் தள்ளி நின்று, இரண்டு வண்டியும் இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழும்படி ஒன்று. இரண்டு பக்கவாட்டிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு கிட்டே வந்து, கோட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒன்று. அதற்குப் பிறகுதான் நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்தீர்கள். "நகம் மாட்டலைன்னா பாலிஷ்லயே போயிடும். மாட்டுது பாருங்க, இது பெயின்ட் வேலை." உடனே உங்கள் டிங்கருக்குப் படத்தை அனுப்பி விலை கேட்டீர்கள். 1,500 ரூபாய் என்றார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, அதையே பையனிடம் சொன்னீர்கள்.

அவன் கையில் 600 ரூபாய்தான் இருந்தது. வேறொருவராக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார். நீங்கள் அவனுக்குச் சட்டம் சொன்னீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134: அடுத்தவர் பொருளுக்குச் சேதம் செய்த ஓட்டுநர், போலீஸ்காரர் பக்கத்தில் இல்லையென்றால், கிட்டத்திலிருக்கும் ஸ்டேஷனில் 24 மணி நேரத்துக்குள் தானே போய்ச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்த வேண்டும். "ஓடிப்போறதுதான் தப்பு தம்பி. இடிக்கிறது யாருக்கும் நடக்கும்" என்றீர்கள். அவன் ஸ்கூட்டர் சாவியை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். சாயங்காலம் மீதி 900 ரூபாய் போனில் வந்து சேர்ந்ததும், இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சின்ன சேதத்தை இதைவிட முறையாக ஒருவர் கையாள முடியாது.

இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டிருக்கலாமே என்று நான் கேட்டதும் நினைவிருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45. ஐந்தாம் வருடம் 50. நடுவில் ஒரே ஒரு க்ளெய்ம் போட்டாலும் ஏணியில் ஏறினதெல்லாம் சறுக்கி, திரும்பப் பூஜ்யத்திலிருந்து. "சின்ன அடிக்குக் க்ளெய்ம் போடறவன் ஏமாளி சார்" என்றீர்கள். அந்தச் சொல் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் வண்டியின் இடது பின்கதவு, முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்கு உள்வாங்கியிருந்தது. கருநீல வண்டி. அதில் பளீரென்று வெள்ளைக் கோடு. நீங்கள் பக்கத்தில் துணியோடு நின்றிருந்தீர்கள். "என்ன சார் இது…" என்று நான் தொடங்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "வாட்ச்மேன் சைக்கிள் உரசியிருக்கும்." கேள்வி முழுசாக வருவதற்குள் பதில் சொல்லும் அந்த வேகம் உங்களுக்கு எப்போதும் உண்டு. அன்றும் இருந்தது.

நீங்கள் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். ஏழு வருடம் சம்பாதித்த மதிப்பு அது. பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் கீழே வந்தபோது, வாட்ச்மேன் பெரியவரின் சம்பளத்தில் மாதா மாதம் ஆயிரம் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தேவிட்டிருந்தது. பெரியவருக்கு அறுபது தாண்டியாயிற்று. வந்தவாசிப் பக்கம் ஊர். மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம், அதில் பாதிக்கு மேல் ஊருக்குப் போகிறது. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான் சைக்கிளை மோட்டார் ரூம் சொவத்தோரந்தான் சார் வெப்பேன்." அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடிப் பழக்கமில்லாதவர்.

நீங்கள் கற்றுக்கொடுத்ததால்தான் நான் வண்டியை எடுப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்தேன். தள்ளி நின்று ஒன்று, கிட்டே ஒன்று, நாணயம் வைத்து ஒன்று. இல்லாவிட்டால் நானும் பெரியவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அந்த வகையில் அவர் சம்பளம் காப்பாற்றப்பட்டதற்கு நீங்களும் ஒரு காரணம். நான் மறக்க மாட்டேன்.

வேளச்சேரியில் ஒரு டிங்கர் பட்டறை. அங்கிருந்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரை நிமிடம் பார்த்தார். பிறகு பனியன் வேஸ்ட்டில் தின்னரைத் தொட்டு வெள்ளைக் கோட்டின் ஒரு முனையை மெல்லத் தேய்த்தார். வெள்ளை துணிக்கு வந்தது. அடியில் என் நீலம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "இது கீறல் இல்ல சார், இன்னொரு வண்டியோட பெயின்ட் ஏறியிருக்கு." டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தார். 21 அங்குலம். "சைக்கிள் ஹேண்டில்னா இதவிட ரொம்ப மேல இருக்கும். பெடல்ல ஏது வெள்ளைப் பெயின்ட்? இது கார் பம்பரோட மூலை. பின்னால எடுக்கறப்போ ஒடிச்சிருக்காங்க. இங்க அழுத்தமா ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் போகப்போகத் தேயுது பாருங்க." விரலால் அந்தப் பாதையைக் காட்டினார். கீழ்த்தளத்தில் வண்டி நிற்கும்போது உங்கள் இடம் இருக்கும் பக்கமாகப் போயிற்று அந்த விரல். பெரியவரின் சைக்கிள் கறுப்பு. நம் வரிசையில் வெள்ளை வண்டி ஒன்றுதான்.

டிங்கரிங் செய்து, லப்பம் வைத்து இழைத்து, ப்ரைமர், பெயின்ட், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து 6,500 சொன்னார். மெட்டாலிக் நீலம் என்பதால் ஷேடு தனியாகத் தெரியாமலிருக்க முன்கதவின் ஓரம் வரை இழுத்துப் பூச வேண்டுமாம். கதவு இரும்பு, அடி பட்ட இடத்தில் பெயின்ட் விட்டுப் போயிருந்தால் அடுத்த மழைக்கே துரு பிடிக்கும். இடித்த வண்டியின் பம்பர் பிளாஸ்டிக், அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, தேய்த்தால் போய்விடும் என்றும் சொன்னார். மறுநாள் காலை உங்கள் பம்பரின் பின்மூலை மட்டும் புதிதாகப் பளபளத்தது. நீங்கள் எதையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை.

உங்களிடம் வந்தேன். படங்களைக் காட்டினேன். நீங்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது என்ற உங்கள் கட்டுப்பாட்டை அந்த நேரத்திலும் விடவில்லை. "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல சார், க்ளெய்ம் போட்டுக்கங்க. பக்கத்துப் பக்கத்துல இருக்கோம், இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் படிக்கட்டில் போட்டுக் காட்டிய கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இப்போது எனக்கு 45 சதவீதத் தள்ளுபடி, அடுத்த புதுப்பிப்பில் 50 வந்திருக்கும். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். க்ளெய்ம் போட்டால் முதல் வருடம் 5,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்த வருடம் 3,000. பிறகு 2,500, 1,500, 500. மொத்தம் 12,500. கையில் வருவது என்ன? 6,500இல் கட்டாயக் கழிவு 1,000 போக, பெயின்ட் சாமானுக்குத் தேய்மானமும் போக, மீதி. உங்கள் பாடம் சரிதான் சார். சின்ன அடிக்குக் க்ளெய்ம் போடுகிறவன் ஏமாளி.

உங்கள் பாலிசியும் இருக்கிறது. அடுத்தவர் பொருளுக்குச் செய்த சேதத்துக்கு அது 7.5 லட்சம் வரை பொறுப்பு. அதில் பணம் போனாலும் உங்கள் தள்ளுபடியில் ஒரு காசு குறையாது, ஏனென்றால் தள்ளுபடி சொந்த வண்டிச் சேதத்தின் கணக்கைச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பணம் என் கைக்கு வர போலீஸ் புகார் வேண்டும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு வேண்டும், வாய்தா வேண்டும். 6,500 ரூபாய்க்காக எவனும் அந்தப் படியேற மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். மனிதர்களை எடைபோடுவதில் நீங்கள் தவறியதேயில்லை. நான் ஏறவில்லை.

நான் எதிர்பார்த்தது ஒரு துண்டுத் தாள். வைப்பருக்கு அடியில், "நேற்று ராத்திரி பின்னால் எடுக்கும்போது பட்டுவிட்டது, பேசலாம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். பாதிப் பணம் போதும் என்றிருப்பேன். என் வீட்டில் காபி குடித்துவிட்டு, உங்கள் டிங்கரிடமே விட்டிருப்போம். ஏழு வருடப் பழக்கத்துக்கு 3,250 ரூபாய் ஒரு தொகையா சார்?

பணத்தை நான் கட்டிவிட்டேன். பனியன் வேஸ்ட்டையும் படங்களையும் செயலாளரிடம் காட்டினேன். யார் வண்டி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பளப் பிடித்தம் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது நீங்கள் எழுந்து சொன்னதை எல்லோரும் கேட்டோம். "வயசானவர். தெரியாம நடந்திருக்கும். மன்னிச்சு விட்டுடலாம்." இரண்டு பேர் கைதட்டினார்கள். செய்யாத தவறுக்கும் ஒருவரை மன்னிக்கிற மனசை நான் அன்றுதான் பார்த்தேன். பெரியவர் கேட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்கு அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை சார். கதவு சரியாகிவிட்டது. ஷேடு அப்படியே பொருந்திவிட்டது, வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் தெரியவில்லை.

இன்று காலையும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வழக்கம்போல நீங்கள் வண்டியைப் பின்னால் எடுத்தீர்கள். பெரியவர் ஓடிவந்து, என் கதவுக்கும் உங்கள் பம்பருக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்து நின்று, கையால் தட்டித் தட்டிச் சொன்னார்: "வாங்க சார்… வாங்க… வாங்க… போதும்." நீங்கள் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொல்வதை மட்டும் நம்பி எடுத்தீர்கள்.