நகச்சுரண்டல் விதி: சிறு லேப்டாப்பில் வெளி மைக் இணைத்தல் குறித்து ஓர் ஆய்வு

சிறு லேப்டாப்பில் காலர் மைக்கைச் செருகிய ஆசிரியர் அடுத்து "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்கிறார். திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. சோதனை முடிந்ததென்று கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆன்லைன் வகுப்பைத் தொடங்கிவிடுகிறார். இச்சோதனை எதையும் நிறுவவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. கோடு துள்ளியது மெய். எந்த மைக்கால் துள்ளியது என்பதற்குத்தான் சான்றில்லை. திரைக்கு மேலே, கேமராவுக்குப் பக்கத்தில், ஊசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. லேப்டாப்போடு கூடப் பிறந்த மைக் அது. வெளியிலிருந்து யார் வந்தாலும் பதவியைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது.

மைக்கைச் செருகும் பின்னின் வரலாறு சுருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் புழங்கிய 6.35 மில்லிமீட்டர் பின்னின் ஒல்லியான வாரிசுதான் இன்றைய 3.5 மில்லிமீட்டர் பின். டிரான்சிஸ்டர் ரேடியோக்களோடு அது பரவியது. மேசைக் கணினிக்கு மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த பிசி 99 விதி, மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஸ்பீக்கருக்குப் பச்சைத் துளை என்றது. 2007-இல் வந்த அசுஸ் ஈ பிசி 701 என்ற சிறு லேப்டாப்புக்கு ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. அந்தக் குட்டிக்குங்கூட இரண்டு துளைகள் இருந்தன. பின்னர் லேப்டாப்புகள் மெலிந்தன, துளை ஒன்றாயிற்று. வினை அங்கே தொடங்கிற்று.

பின்னைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க. கறுப்பு வளையம் இரண்டானால் உலோகம் மூன்று துண்டு. வளையம் மூன்றானால் நான்கு துண்டு. ஒற்றைத் துளை எதிர்பார்ப்பது நான்கை: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது எர்த், அடித்துண்டு மைக்குக்கு. மூன்று துண்டுப் பின்னிலோ எர்த் துண்டு நீளமானது. அது மூன்றாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் ஒருசேரத் தொட்டுவிடுகிறது. உடனே லேப்டாப், வந்திருப்பது வெறும் ஹெட்போன் என்று முடிவுகட்டித் தன் ஸ்பீக்கரை அடைத்துக்கொள்கிறது. ஒலியையெல்லாம் மைக்கின் நுனிக்கு அனுப்புகிறது. "ஸ்பீக்கர் போயிடுச்சு" என்று உரிமையாளர் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் நடப்பது விந்தையானது. நாம் மைக்கிடம் பேசுகிறோம், லேப்டாப்பும் மைக்கிடமே பேசுகிறது. அற்றேல், நம் பேச்சைக் கேட்பது யார் எனின், மேலே உள்ள துளை என்க. மாணவர்கள் "சார், ஃபேன் சத்தம்தான் கேக்குது" என்பதும் அதனாலேயே. சார் மைக்கைக் காலரில் இன்னும் ஓர் அங்குலம் மேலே ஏற்றுகிறார்.

நான்கு துண்டுப் பின் வாங்கினால் தீர்ந்தது என்பார் ஒரு சாரார். முழுக்கப் பொருந்தாது. அங்கே சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு சம்பிரதாயங்கள். துண்டுகள் அதே நான்கு, உலோகமும் அதே. கடைசி இரண்டில் எது எர்த், எது மைக் என்பதில்தான் பேதம். காஞ்சிபுரத்து யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போனதாகச் சொல்வார்களே, ஏறக்குறைய அந்த ரகம். இங்கே வழக்கு முடிந்து சிடிஐஏ வென்றுவிட்டது. ஆனாலும் பழைய நோக்கியா போனோடு வந்த ஹெட்செட்டை "நல்லாத்தானே இருக்கு" என்று மேசை டிராயரில் பாதுகாப்பவர்கள் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

திருவிழா மைக் செட்காரரிடம் இரவல் வாங்கிய மைக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது தருவது சில மில்லிவோல்ட். லேப்டாப்புக்குக் காதில் விழாது. ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கோ 48 வோல்ட் கேட்கும். லேப்டாப்பின் துளை கொடுப்பது ஓரிரு வோல்ட். 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் வகைக்கு அது போதும். காலர் மைக்கின் தலைக்குள் இருப்பது அந்த வகைதான்.

ஆகவே சரியான சோதனை எது? மைக்கின் தலையை நகத்தால் சுரண்டுக. கோடு எகிறினால் மைக் உயிரோடிருக்கிறது. அசையாமலிருந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் சுரண்டுக, அங்கே எகிறும். 'ஹலோ' இரண்டு மைக்குக்கும் கேட்கும், சுரண்டலோ தொட்ட மைக்குக்கே கேட்கும். வகுப்புக்கு முன் ஒருவர் தன் சட்டையையும் லேப்டாப்பையும் மாறிமாறிச் சுரண்டுவதை வீட்டார் வேறு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடும். 'ஹலோ'வுக்கு உள்ள மரியாதை சுரண்டலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் இவ்வளவு தத்துவம் பேசுவதில்லை. "சார், சிங்கிள் ஜாக்கா, டபுள் ஜாக்கா?" என்ற ஒரே கேள்வி. சிங்கிள் என்றால், ஒரு முனையில் நான்கு துண்டுப் பின்னும் மறுமுனையில் ஹெட்போனுக்கொன்று, மைக்குக்கொன்று என இரண்டு துளைகளும் உள்ள சின்ன ஒயரை எடுத்துப் போடுவார். இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த ஒயருக்குள் அடக்கம்.

யூஎஸ்பி மைக் வந்தபின் வளைய ஆராய்ச்சியே வீண் என்பர் புதியோர். குரலை எண்ணாக மாற்றும் வேலையை அதுவே செய்துவிடுவதால் துண்டுக் கணக்கு அங்கே இல்லை என்பது சரிதான். ஆனால் மீட்டிங் செயலியின் பட்டியலைத் திறந்தால் இரண்டு மைக்குகளின் பெயரும் இருக்கும், 'டிக்' விழுந்திருப்பது சில வேளை உள்ளே இருக்கும் பழைய ஆளின் மேல். எனவே விதி யூஎஸ்பிக்கும் பொருந்தும். ஸ்பாஞ்சு உறை போட்ட மைக்கானால் உறையைக் கழற்றிவிட்டுச் சுரண்டுக.