விஷம் வைத்துவிட்டு வேர்க்கடலை கொறிப்பவர்

பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் இந்த ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் விபூதிப் பட்டை, காலில் செருப்பு இல்லை, கையில் போன். பத்தடி முன்னால் அவருடைய அம்மா ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ சொல்லிக்கொண்டே போவார். இவர் வாயும் அரோகரா சொல்லும்; கண் மட்டும் திரையை விட்டு நகராது. பின்னால் வரும் வெளியூர்க்காரர்கள், ‘பாரேன், பையன் போனில் சிவபுராணம் படித்துக்கொண்டே சுற்றுகிறான்’ என்று புல்லரித்துப்போவார்கள். அவர் முட்டை பொரித்துக்கொண்டிருப்பார்.

போக்கிமான் கோ என்கிற போன் ஆட்டத்தில் முட்டை பொரிய வேண்டுமென்றால் நடக்க வேண்டும். 2 கிலோமீட்டர் முட்டை, 5 கிலோமீட்டர் முட்டை, 10 கிலோமீட்டர் முட்டை என்று ரகம் ரகமாக உண்டு. மலையைச் சுற்றி வர 14 கிலோமீட்டர். 10-ல் ஒன்று, 2-ல் இரண்டு. அண்ணாமலையாரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் வட்டம் முடிகிற இடத்தில் முட்டையும் முடியும். அந்த ஆட்டம் 2016 ஜூலையில் சில நாடுகளில் வெளியாகி, இந்தியாவுக்கு முறைப்படி வந்தது டிசம்பரில். அதற்கு முன்பே, செப்டம்பரில், கோயில்களில் முட்டை இருப்பதாகக் காட்டுகிறார்கள் என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டு, நோட்டீஸும் போய்விட்டது. நம்மவரைக் கேட்டிருந்தால் சாட்சி சொல்லியிருப்பார்: அந்த முட்டையில் ஆம்லெட் போட முடியாது.

ஆனால் முட்டையெல்லாம் அவருக்குச் சும்மா வழித்துணைக்கு. “கோவுல விஷம்னா பேருக்குத்தாண்ணே. அடிச்சா அடிச்சதோட சரி. ஏறாது” என்பார், கலப்படப் பால் வாங்கி ஏமாந்தவர் முகத்தோடு. அவர் உயிர் இருப்பது பழைய போக்கிமானில். பள்ளிக்கூட நாளில் டிவியில் கார்ட்டூன் பார்த்துப் பிடித்த பைத்தியம். அந்தக் காலத்து கேம் பாய் ஆட்டங்களை எமுலேட்டர் வழியாகப் போனிலேயே இறக்கிக்கொண்டு, அவற்றில் ஒன்றான எமரால்டில் குடியிருக்கிறார். அந்த எமரால்டிலும் அவருக்கு அடிதடி பிடிக்காது. விஷம் மட்டும்தான் பிடிக்கும்.

போன பௌர்ணமிக்கு அக்னி லிங்கம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் அவரிடம் மாட்டினவர், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தார் பாவம். பக்கத்தில் நம்மவரின் அக்கா பையன் வேறொரு போனோடு. மாமனுக்கும் மருமகனுக்கும் ப்ளூடூத்தில் சண்டை.

பையன் இறக்கியிருந்தது ப்ளேசிக்கன். நெருப்புக் கோழி, எட்டி உதைக்கும், எரிக்கும். நம்மவர் இறக்கியது மிலோடிக். அழகான நீர்ப்பாம்பு மாதிரி ஒன்று. அதை அவர் சம்பாதித்த கதையே தனி. அது குட்டியாக இருக்கும்போது ஃபீபாஸ் என்று ஒரு அவலட்சணமான மீன். 119-ஆம் வழியில் ஓடும் ஆற்றில் ஆறே ஆறு கட்டங்களில் மட்டும்தான் தூண்டிலில் சிக்கும். எந்த ஆறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு கட்டமாகத் தூண்டில் போட வேண்டும். பிடித்தபின் தீனி ஊட்டி ஊட்டி அழகேற்றினால்தான் மிலோடிக். சாதாரண மனிதன் மூன்றாம் நாளே போனை அணைத்துவிட்டுப் பிள்ளைகுட்டியைப் பார்க்கப் போவான். நம்மவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

“நெருப்புக் கோழின்றீங்க. உங்களுது தண்ணிப் பாம்பு. ஒரு பானை தண்ணிய ஊத்தி அணைச்சிட்டாப் போச்சு, இல்ல?” என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான். சர்ஃப் என்று ஓர் அலையடி அதனிடமே இருக்கிறது. ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு.

“அது அடாவடி மாமா” என்றார் நம்மவர். டாக்ஸிக் போட்டார். பக்கத்துப் பொட்டலத்திலிருந்து நாலு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார்.

விஷத்தில் இரண்டு ரகம். சாதா விஷம் ஏறினால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் மொத்த உயிரில் எட்டில் ஒரு பங்கு போகும். 1996-இல் வந்த முதல் ஆட்டத்தில் பதினாறில் ஒன்றுதான். அடுத்த தலைமுறையில் கூட்டிவிட்டார்கள். எட்டுச் சுற்றில் ஆள் காலி. கடும் விஷம் வேறு. அதுதான் டாக்ஸிக். முதல் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு. பார்த்தால் பரிதாபமாக இருக்கும், ‘இவ்வளவுதானா’ என்று எதிராளி சிரிப்பான். அடுத்த சுற்றில் பதினாறில் இரண்டு. அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து சுற்று முடியும்போது பதினாறில் பதினைந்து போயிருக்கும். ஆறாவது சுற்று முடியும்போது ஆள் இருக்க மாட்டான்.

பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். “இது மீட்டர் வட்டியாச்சே தம்பி!” முப்பது வருஷம் கடன் பேரேடு பார்த்தவர். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடனே சங்கத்துப் புத்தியோடு கேட்டார்: “ஆளை மாத்திட்டா?”

“அங்கதான் மாமா ஓட்டை. களத்துலேர்ந்து உள்ள கூப்ட்டு வேற ஆளை இறக்கிட்டா, மறுபடி அவன் வரும்போது கணக்கு ஒண்ணுலேர்ந்துதான்.”

“புதுப்பித்தல்” என்றார் பெரியவர், திருப்தியாக.

மருமகன் ஆளை மாற்றவில்லை. பத்து வயது ரத்தம், உதைத்துக்கொண்டே இருந்தான். நம்மவர் ஒரு சுற்று ப்ரொடெக்ட் போட்டார்: வருகிற அடி எதுவும் படாது. அடுத்தடுத்துப் போட்டால் பலிப்பது சந்தேகம் என்பதால் மறு சுற்று ரெக்கவர்: மொத்த உயிரில் பாதியை ஏற்றிக்கொள்வது. கழுத்தில் ‘லெஃப்ட் ஓவர்ஸ்’ என்று மீந்த சாப்பாட்டு மூட்டை வேறு. அது சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு தெம்பு தரும். ப்ரொடெக்ட், ரெக்கவர், மறுபடி ப்ரொடெக்ட். திரையில் வேறெதுவுமே நடக்கவில்லை. மாமன் கடலைத் தோலை ஊதினார். ப்ளேசிக்கன் சுருண்டு விழுந்தது. அதுவரை அதன்மேல் ஓர் அடிகூட விழவில்லை என்பதுதான் பையனால் தாங்க முடியாமல் போனது. போனை மடியில் போட்டுவிட்டு அழுதான். “நீ அடிக்கவே இல்ல மாமா!”

“நான் எதுக்குடா அடிக்கணும்?” என்றார் மாமன், நிஜமான ஆச்சரியத்தோடு.

இந்த ஒரு வாக்கியம் போதும் ஆளைப் புரிந்துகொள்ள. வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். ‘பரம சாது’ என்று தெருவில் பேர். ஆரணியிலிருந்து ஒரு பெண் ஜாதகத்தை அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்தார். எல்லாம் பொருந்தியிருந்தது, அப்பாவுக்கும் பிடித்துப்போனது. நம்மவர் வேண்டாம் என்று சொன்னாரா? சேச்சே. “நல்ல குடும்பம்தான். ரெண்டு வருஷமா ஏன் ஜாதகம் சுத்துதுன்னு மட்டும் தெரியல” என்றார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு யார் கேட்டாலும், “நீங்க பார்த்து முடிவு பண்ணுங்க”. அதுதான் ப்ரொடெக்ட். முதல் நாள் அப்பா சிரித்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் யோசித்தார். மூன்றாம் நாள் ஆரணியில் இருக்கும் தெரிந்தவருக்குப் போன் போட்டார். அந்த வாரத்துக்குள் ஜாதகம் மஞ்சள் கவரில் திரும்பிப் போயிற்று. அம்மா மட்டும் இது எதிலும் கலந்துகொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

ஜெராக்ஸ் கடையில் வேலை. புது மேனேஜர் வரப்போகிறார் என்றால், வருவதற்கு முன்பே வாசலில் தூவி வைத்துவிடுவார்: “புது சார் ரொம்ப நல்ல மாதிரியாம். பழைய கடையிலதான் ஏதோ கணக்கு உதைச்சுதாம்.” டாக்ஸிக் ஸ்பைக்ஸ் என்று 2006-இல் வந்த நான்காம் தலைமுறையில் சேர்த்த வித்தை இது. விஷ முள்ளைத் தரையில் விரித்து வைத்துவிட்டால், அப்புறம் எதிரணியிலிருந்து எவன் இறங்கினாலும் கால் வைத்ததுமே ஏறும். ஓர் அடுக்குப் போட்டால் சாதா விஷம், இரண்டு அடுக்குப் போட்டால் கடும் விஷம். பறக்கிற ரகம் காலே வைக்காமல் தப்பிவிடும். பறக்கிற ரகம் ஜெராக்ஸ் கடைக்கு மேனேஜராக வருவதில்லை.

எல்லோரிடமும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. எஃகு ரகத்துக்கு விஷம் ஏறாது. அவர் அத்தை அந்த ரகம், எதைச் சொன்னாலும், “அதெல்லாம் கிடக்கட்டும், நீ சாப்ட்டியா?” என்று கேட்டுவிடுவார். இன்னும் பயங்கரமானது, விஷம் ஏறினால் கொழுக்கிற ரகம். பாய்சன் ஹீல் என்று ஒரு குணம், க்ளைஸ்கர் போன்ற சிலதுக்கு உண்டு. விஷம் சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு உயிரைக் குறைப்பதற்குப் பதில் எட்டில் ஒரு பங்கு கூட்டும். வேண்டுமென்றே ஒரு விஷ உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அலையும். நம்மவரின் பெரியப்பா அப்படி. அவரைப்பற்றிக் கோள் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நாலு வீட்டில் அவரே போய்ச் சொல்லி, அன்று ஒரு தோசை கூடச் சாப்பிடுவார். மூன்றாவது, விஷ ரகத்துக்கே விஷம் ஏறாது. இந்த மூன்றாவதை நம்மவர் மனப்பாடமாகச் சொல்வார். வீட்டில் யாராவது அந்த ரகத்தில் இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்ததில்லை.

யம லிங்கம் பக்கம் நடக்கும்போது பெரியவர் ஒரு கொக்கி போட்டார். “எங்க சாமியே விஷம் குடிச்சவர் தம்பி. ஒண்ணும் ஆகலையே?”

“சாமிக்கு இம்யூனிட்டி மாமா. ஸ்னார்லாக்ஸுக்கு இருக்குமே.”

“யாரு அது?”

“திங்கும், தூங்கும். குண்டா இருக்கும்.”

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அபச்சாரம்! சாமிக்கு அப்படியெல்லாம் இல்ல. தொண்டையிலயே நின்னு போச்சு, அதான் நீலகண்டன். கீழ இறங்கவிடாம கழுத்தைப் பிடிச்சது அம்பாள். அதுக்குத்தானே பிரதோஷம் கும்பிடறோம்.”

நம்மவர் போனை இறக்கிவிட்டார். அந்த இரவில் அவர் திரையைப் பார்க்காமல் நடந்த ஒரே தூரம் அதுதான். நிருதி லிங்கம் வந்தபோது தெளிவு பிறந்தது. “அப்ப ப்ரொடெக்ட் போட்டது அம்பாள்!”

“அதனாலதான் இந்த ஊர்ல பாதி உடம்பையே எழுதிக் குடுத்தாரு” என்றார் பெரியவர், பத்திரம் பதிந்த நிம்மதியோடு.

அதற்கப்புறம் ஆதி அண்ணாமலை வரைக்கும் நம்மவரிடமிருந்து ஒரே புலம்பல். அந்தக் காலத்தில் சண்டை முடிந்தாலும் விஷம் விடாது. முறிவு மருந்து கொடுக்காமல் நடக்க விட்டால் நாலடிக்கு ஒரு புள்ளி உயிர் போகும். வழியிலேயே மயங்கி விழும். மூன்று தலைமுறை அப்படி. நான்காம் தலைமுறையில் கடைசி ஒரு புள்ளியை விட்டுவைத்தார்கள். 2010-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் நடக்கும்போது எதுவுமே ஆகாது என்று எடுத்தே விட்டார்கள். “கம்பெனிக்காரன் இளகிட்டான் மாமா” என்றார் தொண்டை அடைக்க. 2019-இல் வந்த ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் கற்றுக்கொண்டிருந்த டாக்ஸிக்கையும் ஒரு சிலரோடு நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டில் அன்று இரவு சமைக்கவில்லையா என்று கேட்க, கூடவே நடந்த எனக்கு வாய் வரை வந்தது.

கணக்கு வேறு போட்டார். ப்ளிஸ்ஸி என்று ஒரு தாதிப் போக்கிமான். ஆட்டத்திலேயே உயிர் அதிகம், உச்சத்தில் 714 புள்ளி. விஷமேறிய ப்ளிஸ்ஸியைக் கிரிவலம் கூட்டிப்போனால்? நாலடிக்கு ஒன்று, 2,856 அடியில் தீர்ந்தது. ராஜகோபுரத்தில் புறப்பட்டால் ரமணாசிரமத்து வாசலுக்கு வருவதற்கே மூச்சு வாங்கும். “முழுச் சுத்துக்கு ஏழு ப்ளிஸ்ஸி வேணும் மாமா.” பெரியவர் பாதத்தைத் தடவிக்கொண்டே, “எனக்கு இப்பவே ரெண்டு போயிடுச்சு” என்றார்.

குபேர லிங்கத்தில் அம்மா நின்றிருந்தார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “ஆரணிப் பொண்ணுக்கு பெங்களூர்ல மாப்பிள்ளை அமைஞ்சிட்டுதாம்.” சொல்லிவிட்டு நடந்தார்.

நம்மவர் ‘ம்’ என்றார். போனைப் பார்த்தார். ஒரு முட்டை பொரியத் தயாராக மினுக்கியது, தொடவில்லை. இடுக்குப் பிள்ளையார் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்தவர் நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் ‘மாட்டிக்கினாரா?’ என்று எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், “பெங்களூர்ல எங்க?” என்றார் பொதுவாக, எங்களிடம். எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரியவர் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். ஈசான்ய லிங்கம் நெருங்கும்போது நம்மவர் நடையை எட்டிப்போட்டு அம்மாவைப் பிடித்துவிட்டார்.

“ஏம்மா, நிச்சயம் பண்ணிட்டாங்களாமா?”

“யாருக்கு?” என்றார் அம்மா.