ஆப்புக்கு பி.எஃப். கிடையாது

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோடு நெடுக, அட்மிஷன் சீசனில் ஃபிளெக்ஸ் முளைக்கிறது. கோட்டு போட்ட யூ.கே.ஜி. குழந்தை டேப்லெட்டைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடமாம், ஏ.ஐ. பார்த்துக்கொள்ளுமாம். உள்ளே போனால் சாக்ஸ் நிறம் மாறியதற்கு டைரியில் சிவப்பு மை, முடி வளர்ந்ததற்கு வெயிலில் நிற்கும் தண்டனை. தலைக்கு வெளியே எல்லாருக்கும் ஒரே சட்டம், உள்ளே மட்டும் தனிக் கவனிப்பு!

கேட்டுப் பாருங்கள்.

"கிளாஸ்ல எத்தனை பசங்க மேடம்?"

"நாப்பத்தஞ்சு சார்."

"அப்புறம் எப்படித் தனிக் கவனம்?"

"அதுக்குத்தான் சார் ஆப்!"

நாற்பத்தைந்தை இருபதாக்கினால் இன்னொரு டீச்சருக்குச் சம்பளம் அழ வேண்டும். ஆப்புக்கு பி.எஃப். கிடையாது, பிரசவ விடுப்பு கிடையாது. அதன் செலவையும் நம் தலையிலேயே டெக்னாலஜி ஃபீஸாகக் கட்டிவிடலாம்.

இந்த வியாபாரத்தின் பெரிய புள்ளியாக இருந்தது பைஜூஸ். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பெற்றோரைக் கடனில் தள்ளி கோர்ஸ் விற்பதாகப் புகார் எழுந்து, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை. இழுத்துவிட்டது, ஜெர்சி விளம்பரப் பாக்கி 158 கோடி ரூபாயைக் கேட்ட கிரிக்கெட் வாரியம். பிள்ளை எந்தக் கணக்கில் சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க வந்தவர்கள்!

இத்தனைக்கும், அவரவர் வேகத்தில் பாடம் என்பது நமக்குப் புதிதில்லை. 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. தரையில் பாய், கையில் அட்டை, ஏணிப்படி அட்டவணை, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. முடித்தவள் அடுத்த அட்டைக்குப் போவாள். முடிக்காதவள் பக்கத்தில் டீச்சர் உட்கார்வார். சார்ஜர் வேண்டாம். பிறகு மாநிலமெங்கும் விரித்தார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று எத்தனையோ பள்ளிகள் கிடந்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

கொரோனாவுக்குப் பின் 2022-ல் அரசுப் பள்ளிகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது நல்ல காரியம்தான். பிரித்ததையெல்லாம் செல்போனில் ஏற்றச் சொன்னார்களே! ஏற்கெனவே பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளம் என்றால் ஆசிரியர்கள் தலையில் கை வைப்பார்கள். சர்வர் சுற்றும், டீச்சர் சர்வரைப் பார்ப்பார், அரும்பு ஜன்னலைப் பார்க்கும்.

பயிற்சிக் கணக்கை உடனே திருத்தித் தரும், பத்து தரம் தப்பு போட்டாலும் சலிக்காது. ஆப்பின் இந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் பின்னம் புரியாத பிள்ளையும் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையும் அதற்கு ஒரே சிவப்புப் புள்ளி.

அந்த ஏ.ஐ. பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் எங்கே போகிறார்கள்? குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மாடி வீட்டு டியூஷன் அக்காவிடம். "ஏண்டா, ஏழாம் வாய்ப்பாடே வரலையே, பின்னம் எப்படி வரும்?" நோட்டைப் புரட்டியதும் அக்கா பிடித்துவிடுகிறார். அதே நேரம் அப்பாவின் போனில் பள்ளி ஆப் கூவுகிறது: உங்கள் குழந்தை இன்று பின்னத்தில் ஐந்து நட்சத்திரம்!