வாலைப் பாத்து வாங்கு மருமவனே

மருமவனே, மிச்சிகன்ல பன்னிப் பண்ணை வைக்கப் போறேன்னு போன்ல சொன்னியே, கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. வை, வேண்டாங்கல. ஆனா எவ்வளவு திங்கும், எத்தனை குட்டி போடும்னு மட்டும் விசாரிச்சுட்டு வாங்கிராத. முதல்ல வாலைப் பாரு.

அந்த மாநிலத்து இயற்கை வளத்துறை 2010-ல ஒரு ஆணை போட்டுச்சு. வேட்டைப் பண்ணைக்காரங்க வளக்குற ரஷ்யக் காட்டுப்பன்னியையும் அதோட கலப்பையும் எவனும் வச்சிருக்கக் கூடாதுன்னு. 2012 ஏப்ரல்ல இருந்து கெடுபிடி. மீறினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், 20,000 டாலர் வரை அபராதம். காரணம் இல்லாமலும் இல்ல. வேலியைப் பேத்துட்டு ஓடுன பன்னிக்கூட்டம் சோளக்காட்டை ராத்திரியோட ராத்திரியா உழுதுரும். வருஷத்துக்கு ரெண்டு ஈத்து கூடப் போடும். பத்தாததுக்குத் தொழுவத்துப் பன்னிக்கு நோயையும் ஒட்டிட்டுப் போகும். வேட்டைக்காரன் பாடும் யோக்கியம்னு சொல்ல முடியாது. பணத்தைக் கட்டி, வேலிக்குள்ள நிக்கிற பன்னியைச் சுட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா அதுக்குப் பேரு வேட்டையாம். நம்ம ஐயனாரு கேட்டா குதிரையை விட்டு எறங்கி நின்னு சிரிப்பாரு.

சரி, எது காட்டுப்பன்னி, எது வீட்டுப்பன்னி? அங்கதான் கூத்து. ரெண்டும் ஒரே ரத்தம், கூட விட்டா குட்டி போட்டுரும். அதனால 2011 டிசம்பர்ல அதிகாரிக உக்காந்து பன்னிக்குச் சாமுத்திரிகா லட்சணம் எழுதுனாக. மயிர் நுனி நிறம், குட்டி முதுகுல வரி, எலும்பு வாகு, காது, வாலு. வாலு நேரா தொங்குனா காட்டுச்சாதி. சுருண்டிருந்தா? கலப்பா இருக்கலாம். காது நிமிந்து நின்னா காட்டுச்சாதி. மடங்கியிருந்தா? அதுவும் கலப்பா இருக்கலாம். வியாபாரத்துக்கு வளக்குற வீட்டுப்பன்னிக்கு விலக்கு உண்டுன்னும் எழுதியிருக்கு. ஆனா கறிக்காக மாங்கலிட்சாங்கிற சடைமயிர்ப் பன்னி வளத்தவனுக்கே வயித்தைக் கலக்கி, கோர்ட்டு வரை போகும்படி ஆயிருச்சு. பன்னி என்ன தப்பு பண்ணுச்சு, வேலி ஒழுங்கா இருந்துச்சாங்கிறதெல்லாம் அப்புறம். மூஞ்சி முகரை சரியா இருக்கணும்.

ஆகையினால நான் சொல்லுதபடி கேளு. கம்பி வேலியை மண்ணுக்குள்ளயும் ஆழமா எறக்கு, பன்னி மூக்காலயே தோண்டும். அதிகாரி வாரப்போ பன்னியைத் திருப்பி நிறுத்தாத, வாலு தெரியும். முன்னால காட்டாத, காது தெரியும். பக்கவாட்டுல காட்டிராத, ரெண்டும் தெரியும்.

உங்க அத்தை ஆடு வளக்கச் சொல்லுதா. அதுக்கு வாலை ஆண்டவனே அளந்துதான் வச்சிருக்கானாம், அதிகாரி டேப்பு எடுத்துட்டு வர வேண்டியதில்லையாம்.